நின்றபடியே களை பிடுங்கும் கருவி: பெங்களூருச் செம்மண்ணில் அதன் பயனும் எல்லையும்

வீட்டுத் தோட்டக்காரர்களுக்கென்று இணையத்தில் விற்கப்படும் களைக் கருவிகளில், குனியாமல் நின்றபடியே களையைப் பிடுங்கித் தரும் நீண்ட பிடிக் கருவிக்குத்தான் இப்போது விளம்பரம் அதிகம். ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரமுள்ள அலுமினியத் தண்டு, அதன் அடியில் நான்கு எஃகு நகங்கள், காலால் அழுத்த ஒரு மிதி, கவ்விய களையை உதறித் தள்ளுவதற்குப் பிடியில் ஒரு நகர்த்தி என்று அதன் அமைப்பு எளிமையானது. நான் வாங்கிய தொகுப்பில் இதனுடன் கவட்டை முனையுள்ள சிறிய கைக்கருவி ஒன்றும், களை முளைக்காமலிருக்கத் தரையில் விரிக்கும் கறுப்புத் துணிச் சுருள் ஒன்றும், இயற்கைக் களைக்கொல்லி என்று எழுதிய ஒரு புட்டியும், களைகளை அடையாளம் காண ஒரு வண்ணப்பட அட்டையும் இருந்தன. எல்லாம் சேர்ந்து விலை 2,500 ரூபாய்க்குச் சற்று மேல். இதே வடிவம் பல பெயர்களில் விற்பனையில் இருப்பதால், நிறுவனத்தைக் குறிப்பிடாமல் பொருளை மட்டுமே இங்கே மதிப்பிடுகிறேன்.

பயன்படுத்திய இடத்தையும் சொல்ல வேண்டும். களைக் கருவியின் தகுதி மண்ணைப் பொறுத்தே அமைகிறது. கிழக்குப் பெங்களூரில், பானஸ்வாடிப் பக்கத்தில், சுற்றுச்சுவரை ஒட்டி மூன்று புறமும் மண் விடப்பட்ட தரைத்தள வீடு எங்களுடையது. பின்புறம் கத்தரி, தக்காளி, வெண்டைப் பாத்திகளும், முன்புறம் செம்பருத்தியும் நந்தியாவட்டையும் சிறிது புல்தரையும் உள்ளன. மண் இந்த நகரத்தின் செம்மண். மார்ச் மாத வெயிலில் கடப்பாரைக்கும் இணங்காமல் இறுகும். ஏப்ரல், மே மாதங்களில் மாம்பழ மழை விழுந்ததும் இளகும். பெங்களூருக்கு மழை மிகுதியாகக் கிடைக்கும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் காலைப் பிடித்துக்கொள்ளும் சேறாகும். கோடை மழை தொடங்கி ஐப்பசி மழை ஓயும்வரை ஒரு முழுப் பருவம் பயன்படுத்திய பிறகு நான் வந்தடைந்த முடிவு இது: ஆணிவேர் விடும் களைகளுக்கு இது மிக நல்ல கருவி, கிழங்கு விடும் களைகளுக்கு இது கேடு செய்யும் கருவி. களையின் வேரை அறிந்தவர் வாங்கினால்தான் கொடுத்த பணத்துக்குப் பயன் உண்டு.

முதலில் அது சிறப்பாகச் செய்யும் வேலை. முள்ளுக்கீரை புகுந்த தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு, அதன் கணுக்களில் உள்ள முட்கள் மெல்லிய கையுறையையும் தாண்டி விரலில் ஏறுவது தெரியும். அதன் வேரோ ஒற்றை ஆணிவேர். செடியின் தண்டு நான்கு நகங்களுக்கும் நடுவில் வரும்படி கருவியை நிறுத்தி, மிதியை முழுவதும் அழுத்தி, பிடியை மெல்லப் பின்னோக்கிச் சாய்த்தால், நகங்கள் மண்ணுக்குள் ஒன்றுகூடி வேரைக் கவ்வி மேலே கொண்டுவருகின்றன. கை மண்ணில் படுவதே இல்லை. முழங்கால் தேய்மானத்தால் தோட்டத்தை விட்டே விலகியிருந்த என் மாமியார், இது வந்த பிறகு மாலை நேரங்களில் புல்தரையைத் தாமே சுற்றிவந்து முள்ளுக்கீரையை எடுத்துவிடுகிறார். அந்த ஒரு காரணத்துக்காகவே எங்கள் வீட்டில் இந்தக் கருவிக்கு நிலையான இடம் கிடைத்துவிட்டது. ஆனால் நகங்கள் இறங்கும் ஆழம் ஏறத்தாழ 8 சென்டிமீட்டர் மட்டுமே. மூக்கிரட்டையின் வேர் பருத்து ஆழமாக இறங்குவது. சில இலைகளே விட்ட இளஞ்செடியானால் முழுதாக வருகிறது, முதிர்ந்துவிட்டால் பாதியில் அறுந்து மீண்டும் துளிர்க்கிறது. குப்பைமேனி, கீழாநெல்லி, அம்மான் பச்சரிசி ஆகியவற்றுக்கு இதைத் தூக்கிக்கொண்டு போகவே தேவையில்லை. மழை பெய்த மறுநாள் இரண்டு விரலால் இழுத்தாலே வேரோடு வரும்.

மழை பெய்த மறுநாள் என்பது இந்தக் கருவிக்கும் பொருந்தும். மண் காய்ந்திருக்கும்போது மிதியின் மேல் முழு எடையையும் வைத்தாலும் நகங்கள் இறங்குவதில்லை, வற்புறுத்தினால் வளையத் தொடங்குகின்றன. மண் ஈரம் சொட்டும்போது கவ்விய மண்கட்டியை நகர்த்தியால் உதற முடிவதில்லை. இரண்டுக்கும் இடைப்பட்ட பதத்தில்தான் விளம்பரத்தில் காட்டும் வேகம் கைகூடுகிறது.

பார்த்தீனியத்துக்காகவே இதை வாங்கலாம் என்பது என் உறுதியான கருத்து. கன்னடத்தில் காங்கிரஸ் கிட என்று அழைக்கப்படும் இந்தச் செடி, பெங்களூரில் வீடு கட்டாமல் கிடக்கும் மனைகளிலெல்லாம் இடுப்பளவு வளர்ந்து நிற்கிறது. அங்கிருந்து விதை நம் சுவருக்குள் வந்து விழுவதைத் தடுக்க முடியாது. தொடர்ந்து தொடுபவர்களுக்குத் தோல் அழற்சியையும், மகரந்தத்தைச் சுவாசிப்பவர்களில் பலருக்கு மூக்கு ஒழுகலையும் மூச்சுத் திணறலையும் அது உண்டாக்கும். எனவே தோலில் படாமல் தொலைவில் நின்று வேரோடு எடுக்க உதவும் நீண்ட பிடி இங்கே வசதி என்பதைக் கடந்து ஒரு பாதுகாப்பாகிறது. இளம் பருவத்தில் அதன் இலைகள், கேரட் இலையைப் போல நுணுக்கமாகப் பிளவுபட்டு, தரையோடு வட்டமாகப் படிந்திருக்கும். செவ்வந்தி நாற்று தானாக முளைத்திருக்கிறது என்று எண்ணி அதற்குத் தண்ணீர் ஊற்றி வளர்ப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். நடுத்தண்டு எழும்பி வெள்ளை மொட்டுகள் தெரிவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும்; வளர்ந்த ஒரே செடி 10,000-க்கும் மேற்பட்ட விதைகளை உதிர்க்க வல்லது. பூத்த செடியை எடுக்க நேர்ந்தால் முழுக்கைச் சட்டையும் முகக்கவசமும் அணிந்துகொள்ள வேண்டும், எடுத்ததை உரக்குழியில் போடக்கூடாது. மழைக்காலத்தில் இந்தச் செடியின் மேல் வெண்மையான முதுகில் பழுப்புக் கோடுகள் நெளியும் சிறு வண்டுகள் இருந்தால் அவற்றைக் கொல்ல வேண்டாம். பார்த்தீனியத்தைத் தின்பதற்காகவே மெக்சிகோவிலிருந்து தருவிக்கப்பட்டு, 1984-இல் இந்தப் பெங்களூரில்தான் அவை முதலில் திறந்துவிடப்பட்டன.

இனி கோரை. இந்தக் கருவியின் பெட்டியில் எல்லா வகைக் களைகளுக்கும் ஏற்றது என்று அச்சிட்டிருக்கிறார்கள். அந்த ஒரு வாக்கியத்தை அகற்றினால் வாங்குபவர்களுக்குப் பெரும் நன்மை செய்தவர்கள் ஆவார்கள்.

கோரையைப் புல் என்று நினைப்பதில்தான் தொல்லை தொடங்குகிறது. பூந்தண்டை இரண்டு விரல்களுக்கு இடையில் வைத்து உருட்டிப் பார்த்தால் புல்லின் தண்டு உருளும், கோரையின் தண்டு மூன்று விளிம்புகளோடு தட்டுப்படும். புல்லின் தண்டில் கணுக்கள் இருக்கும், கோரையில் இரா. அடியில் இலைகள் மூன்று திசைகளில் பிரிந்து எழும். இவ்வளவு எளிதில் அறியக்கூடிய செடியின் முழு வலிமையும் மண்ணுக்குள் இருக்கிறது. ஒரு கிழங்கிலிருந்து மெல்லிய தரையடித் தண்டு கிளம்பிச் சிறிது தூரத்தில் அடுத்த கிழங்கை உண்டாக்கும், அது இன்னொன்றை, இவ்வாறு கிழங்குகள் சங்கிலியாக நீண்டுகொண்டே போகும். அந்தச் சங்கிலி அறுபடாதவரை முனையில் உள்ள கிழங்கு முளைக்க, பின்னால் இருப்பவற்றில் பல உறங்கிக் கிடக்கும். சங்கிலி அறுந்தால் அந்தக் கட்டுப்பாடு நீங்கி, உறங்கிய கிழங்குகளும் தனித்தனியே முளைவிடும். நான்கு நகங்களும் ஒரு கைப்பிடி மண்ணைக் கவ்வித் திருகி இழுக்கும்போது நடப்பது அதுவே.

இதைச் சோதிப்பதற்காகப் புல்தரையின் ஒரு மூலையை இந்த நீண்ட கருவிக்கும் எதிர் மூலையைச் சிறிய கைக்கருவிக்கும் ஒதுக்கினேன். நீண்ட கருவியால் எடுத்த மூலையில் அடுத்த மழைக்குப் பின் கோரை முன்பைவிட நெருக்கமாக எழுந்தது. புல்தரையில் அது விட்டுச்சென்ற குழிகள் வேறு ஆழமாகத் தெரிந்தன. எங்கள் தெருவில் பல வீடுகளுக்குத் தோட்ட வேலை செய்யும், திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா அதைப் பார்த்துவிட்டு, “மேல இழுத்தா தாளுதான் சார் வரும், கெழங்கு அடியிலயே கெடக்கும். நாலு வெரக்கடை தள்ளிக் குத்தி, மண்ணோட பேத்துக் கொட்டுங்க, அப்புறம் கெழங்கப் பொறுக்குங்க” என்றார். களைக்கொட்டைக் கையில் பிடித்தே வளர்ந்தவருடைய சொல் அது. எதிர் மூலையில் அவர் சொன்னபடியே கவட்டைக் கருவியால் செய்து, பெயர்த்த மண்ணைச் சல்லடையில் சலித்துக் கிழங்குகளைப் பொறுக்கியெடுத்தேன். அங்கே கோரை அடியோடு ஒழிந்துவிடவில்லை, ஆனால் மறுபடி எழுந்தவற்றை எண்ணி எடுக்கும் அளவுக்குக் குறைந்தது.

கோரைக்கு ஒரே நாளில் தீர்வு தரும் கருவி எதுவும் கிடையாது. அதன் இயல்புக்கேற்ற ஒழுங்குதான் வேண்டும். கிழங்குகளில் பெரும்பகுதி மேல்மண்ணின் 15 சென்டிமீட்டருக்குள் கிடப்பதால் ஒரு சாண் ஆழத்துக்குள் தேடினால் போதும். புதிய தளிர் ஐந்தாறு இலைகள் விடுவதற்குள் எடுத்துவிட்டால், அது அடுத்த கிழங்கை உண்டாக்கும் முன்பே பழைய கிழங்கின் சேமிப்பைக் கரைத்துவிடலாம். ஆகவே மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது அந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். பெங்களூரின் வறண்ட மாதங்களான பிப்ரவரியிலும் மார்ச்சிலும் பாத்தி காலியாக இருக்குமானால், கொத்திப் புரட்டிக் கிழங்குகளை வெயிலில் காயவிடுவது நல்ல பலன் தரும், ஏனெனில் ஈரம் முற்றிலும் வற்றிய கிழங்கு பிழைப்பதில்லை. கோரைக்கு நிழலும் ஆகாது. காராமணியோ பூசணியோ சர்க்கரைவள்ளியோ படரவிட்டு மண்ணை மூடிய பாத்தியில் அது நலிந்துபோவதைப் பின்புறத் தோட்டத்தில் தெளிவாகக் கண்டேன்.

இதே எச்சரிக்கை இளஞ்சிவப்புப் பூ பூக்கும் புளியாரைக்கும் பொருந்தும். மஞ்சள் பூவுள்ள சாதாரணப் புளியாரை தரையில் படர்ந்து கணுதோறும் வேர்விடும், காய் முற்றினால் வெடித்து விதையைச் சிதறும். காய்க்குமுன் சுரண்டி எடுத்தால் கட்டுக்குள் வரும். இளஞ்சிவப்பு இனமோ அடியில் ஒரு குமிழும் அதைச் சுற்றிப் பல சிறு குமிழ்களும் வைத்திருக்கிறது. நகங்கள் அதைக் கவ்வி உலுக்கும்போது அந்தச் சிறு குமிழ்கள் உதிர்ந்து பாத்தி முழுவதும் பரவுகின்றன. நாற்றுப்பண்ணையிலிருந்து வாங்கிவரும் தொட்டி மண்ணோடு இது வீட்டுக்குள் நுழைவதால், புதிய செடியை நடுவதற்கு முன் வேர்ப்பந்தின் மேல்மண்ணைக் கிளறிப் பார்ப்பது நல்லது. கானாவாழையும் அருகம்புல்லும் இந்தக் கருவியின் வரம்புக்கு வெளியே உள்ளவை. கானாவாழையின் தண்டுத் துண்டு ஈரமண்ணில் கிடந்தாலே வேர்விடும். மண்ணுக்கு மேல் நீலப்பூ பூப்பதோடு, மண்ணுக்குள்ளும் பூத்து அங்கேயே விதை வைக்கும். அதைக் கையால் முழுக்கொடியாகச் சுருட்டி எடுத்து, வெயில்படும் சிமென்ட் தரையில் போட்டுக் காயவிட வேண்டும்.

தொகுப்பில் எனக்கு மிகுந்த ஏமாற்றம் அளித்தது படஅட்டைதான். நல்ல தாளில் அழகாக அச்சிடப்பட்ட அந்த அட்டையில் டேண்டிலயனும் வெள்ளைக் க்ளோவரும் குளிர்நாட்டு முட்செடிகளும் இருக்கின்றன. கோரை இல்லை, பார்த்தீனியம் இல்லை, முள்ளுக்கீரை இல்லை. இந்தியாவில் விற்கும் பொருளுக்கு இந்தியத் தோட்டத்தின் பத்துப் பன்னிரண்டு களைகளைப் படமெடுத்துப் போடுவது பெரிய செலவாகாது. அதிலும் வேரின் படம் கட்டாயம் இருக்க வேண்டும். கருவி எதை நோக்கி வடிவமைக்கப்பட்டது என்பதையும் அந்த அட்டையே காட்டிக்கொடுக்கிறது. டேண்டிலயன் தடித்த ஆணிவேர் உடையது, மேல்நாட்டுப் புல்தரைகளின் தலையாய களை அது. தொலைபேசியில் படமெடுத்துப் பெயர் சொல்லும் செயலிகள் பூத்த செடிகளை ஓரளவு சரியாகக் காட்டுகின்றன, நாற்றுப் பருவத்திலும் புல் இனங்களிலும் தடுமாறுகின்றன. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் களை மேலாண்மை பற்றித் தமிழிலேயே படிக்கலாம். நம் களைகளுக்கு அந்த அட்டையைவிட அது பல மடங்கு பயனுள்ளது.

கவட்டை முனைக் கைக்கருவியைப் பற்றி நல்லதைத் தவிர வேறு சொல்ல இல்லை. ஒடுங்கிய முனை செடிகளுக்கு இடையில் நுழைகிறது, நெம்புவதற்கு ஏற்ற வளைவு இருக்கிறது, எஃகும் வளையவில்லை. ஆனால் ஏறக்குறைய அதே வேலையை, லால்பாக்கை ஒட்டிய சித்தாபுரா நாற்றுப்பண்ணைகளிலும் கே.ஆர். மார்க்கெட் பக்கத்து இரும்புக் கடைகளிலும் கிடைக்கும் மரப்பிடிக் களைக்கொத்து 200 ரூபாய்க்குள் செய்துவிடுகிறது. முனை மழுங்கினால் அரத்தால் தீட்டிக்கொள்ளலாம், பிடி உடைந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

கறுப்புத் துணி பாலிப்ரொப்பிலீன் நூலால் நெய்தது. நடைபாதைக்கும் சரளைக்கல் பரப்பும் இடத்துக்கும் அடியில் விரிக்க ஏற்றது. பாத்தியில் விரிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கோரையின் கூர்மையான தளிர் நெசவின் இடைவெளியைத் துளைத்து வந்துவிடுகிறது. துணியின் மேல் படியும் புழுதியிலேயே காற்றில் வந்த விதைகள் முளைத்து, வேரைத் துணிக்குள் பின்னிக்கொள்கின்றன. மண்ணில் எரு சேர்க்கவும் வழியில்லாமல் போகிறது. பாத்திக்கு மூடாக்குத்தான் சரி. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நம் தெருக்களில் புங்கையும் தூங்குமூஞ்சியும் உதிர்க்கும் சருகைக் கூட்டி எரிக்காமல் மூட்டையில் சேர்த்துவைத்தால், கோடை மழைக்குமுன் 5 முதல் 7 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பலாம். செடியின் தண்டைச் சுற்றி மட்டும் ஒரு கை இடைவெளி விட வேண்டும், இல்லையென்றால் தண்டு அழுகும்.

புட்டியில் இருப்பது வினிகரின் புளிப்பு அமிலம். வெயில் நாளில் தெளித்தால் இலைகள் சில மணி நேரத்தில் கருகிவிடுவதால் பலன் கிடைத்ததாகத் தோன்றுகிறது. ஓராண்டுக் களைகளின் இளநாற்றுகள் உண்மையிலேயே செத்துப்போகின்றன. கோரையும் அருகம்புல்லும் அடியிலிருந்து மீண்டும் தழைக்கின்றன. கல் பதித்த தரையின் இடுக்குகளுக்கு வைத்துக்கொள்ளலாம். சிலர் இதனோடு உப்பையும் கலக்கச் சொல்கிறார்கள். உப்பு மண்ணில் தங்கி நாம் வேண்டி வளர்க்கும் செடியையும் வாட்டும் என்பதால் தோட்ட மண்ணில் அதைச் சேர்க்கவே கூடாது. கிளைபோசேட் என்னும் இரசாயனக் களைக்கொல்லியை வாங்கித் தெளித்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: 2015-இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பொருளாக வகைப்படுத்தியது; 2022 அக்டோபரில் மத்திய அரசின் அறிவிப்பு, அதைத் தெளிக்கும் உரிமையைப் பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழிலர்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. கீரையும் குழந்தையும் இருக்கும் வீட்டுத் தோட்டத்துக்கு அது உகந்ததன்று.

நீடித்து உழைக்கும் தன்மையைப் பொறுத்தவரை தண்டும் நகங்களும் உறுதியாகவே இருக்கின்றன. பலவீனமான இடம் நகர்த்திக்குள் உள்ள சுருள்வில். செம்மண் புகுந்து இறுகிக்கொள்வதால், ஒவ்வொரு முறையும் கழுவித் துடைத்து ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட வேண்டியிருக்கிறது. மாற்று வில் தனியாகக் கிடைக்குமா என்று விற்பனையாளரிடம் எழுதிக் கேட்டதற்குப் பதில் வரவில்லை. ஆகவே வாங்கும் முன்பே உதிரிப் பாகம் உண்டா என்று கேட்டுக்கொள்வது நல்லது. புல்தரையோ பெரிய மண்பரப்போ உள்ளவர்கள், அதிலும் குனிய முடியாத பெரியவர்கள் உள்ள வீட்டினர், தொகுப்பைத் தவிர்த்து நீண்ட கருவியை மட்டும் தனியாக வாங்கலாம். அது 1,800 ரூபாய் அளவில் கிடைக்கிறது. தோட்டத்தில் பெரும்பாலும் கோரைதான் என்றால் ஒரு களைக்கொத்தும் ஒரு மண்சல்லடையும் போதும். மொட்டை மாடியில் தொட்டிகளும் வளர்ப்புப் பைகளும் வைத்திருப்பவர்களுக்கு இது எதுவுமே வேண்டியதில்லை; நான்கு நகங்கள் இறங்கினால் தொட்டிச் செடியின் வேர்தான் முதலில் அறும்.